சூதாடாதவர்களுக்குச் சன் சிட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில், பிலானஸ்பர்க் மலைகளின் தென் அடிவாரத்தில் இருக்கிறது சன் சிட்டி. அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மவர்களில் பலருக்குச் சூதாட்ட மேசைதான் கண்முன் வருகிறது. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, டர்பன் நகரங்களை ஒட்டிய இந்தியர் குடியிருப்புகளான லெனேசியாவிலும் லாடியத்திலும் சாட்ஸ்வொர்த்திலும் வசிக்கும் குடும்பங்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையோ சம்பந்தி வீட்டாரையோ அங்கே அழைத்துப் போகலாமா என்று தயங்குவதற்கும் அதுவே காரணம். சூதாடுவதில்லை என்று முன்பே முடிவு செய்துவிட்டு, அதே சமயம் அந்த இடத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வரவும் விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

கேள்வி: கேசினோவுக்கென்றே கட்டிய ஊரில் சூதாடாதவருக்கு என்ன வேலை?

கேசினோவுக்கென்றே கட்டியது என்பது உண்மைதான். 1965ஆம் ஆண்டின் சட்டம் தென்னாப்பிரிக்காவில் சூதாட்டத்தைத் தடை செய்திருந்தது. 1977இல் போபுத்தட்ஸ்வானா என்ற பகுதிக்கு நிறவெறி அரசு 'சுதந்திரம்' கொடுத்து அதைத் தனி நாடு என்று சொல்லிக்கொண்டது. உலகம் அதை ஏற்கவில்லை என்றாலும், தென்னாப்பிரிக்கச் சட்டம் அதன் எல்லைக்குள் செல்லுபடியாகவில்லை. அந்த ஓட்டையைக் கண்டுகொண்ட விடுதி அதிபர் சால் கெர்ஸ்னர், ஜோகன்னஸ்பர்கிலிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் எட்டக்கூடிய இடமாகப் பார்த்துக் கட்டி, 1979 டிசம்பரில் சன் சிட்டியைத் திறந்தார்.

ஆனால் 1996இல் நாடு முழுவதற்குமான சூதாட்டச் சட்டம் வந்து, மொத்தம் 40 கேசினோக்கள் வரை உரிமம் வழங்கலாம் என்று ஆனபோது, சன் சிட்டிக்கு இருந்த தனியுரிமை போய்விட்டது. இன்று ஜோகன்னஸ்பர்க்காரருக்கு மான்டேகேசினோவும் கோல்டு ரீஃப் சிட்டியும், டர்பன்காரருக்குச் சன்கோஸ்ட்டும் சிபாயாவும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சூதாட வேண்டும் என்பதற்காக மட்டும் எவரும் இத்தனை தூரம் வண்டி ஓட்டி வரத் தேவையில்லை. அதனால் அங்கே வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி குழந்தை குட்டிகளோடு தண்ணீரில் விளையாடவும், கோல்ஃப் ஆடவும், மாநாட்டில் உட்காரவும், யானை பார்க்கவும் வருகிற கூட்டமாகவே இருக்கிறது. சட்டம் மாறியதால் கேசினோ ஓர் ஓரத்துக்குப் போய்விட்ட ஊர் இது. சூதாடாதவர் அங்கே விதிவிலக்கான ஆள் அல்லர்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அரசியல் காரணத்துக்காகவே அங்கே கால் வைக்க மறுக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறதா?

இருந்தது, அதை மறந்துவிட்டுப் போவது சரியில்லை. நிறவெறி ஆட்சியை எதிர்த்து நடந்த பண்பாட்டுப் புறக்கணிப்பின் முதன்மை இலக்குகளில் ஒன்று சன் சிட்டி. 1981இல் ஃபிராங்க் சினாட்ராவும் 1984இல் குயீன் இசைக்குழுவும் அங்கே பாடியது உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. 1985இல் பல நாட்டுக் கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து, அங்கே பாட மாட்டோம் என்றே பாடி வெளியிட்டார்கள். இன்னொரு பக்கமும் உண்டு: சன் சிட்டிக்குள் நிறப் பாகுபாடு இல்லை என்பதால், டர்பன் கடற்கரையில்கூட இந்தியருக்கென்று ஒதுக்கிய பகுதியில் மட்டுமே குளிக்க முடிந்த அந்நாள்களில், வெள்ளையரோடு ஒரே உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் இடம் இதுதான் என்று நினைவுகூரும் பெரியவர்களையும் நம் சமூகத்தில் காணலாம். இரண்டு தரப்பாரும் ஒரே வீட்டில் இருப்பதுண்டு. அந்த வாதத்தில் தலையிடாமல் இருப்பது நல்லது.

போபுத்தட்ஸ்வானா 1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவோடு மீண்டும் இணைந்துவிட்டது. 1946இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தைத் துண்டித்திருந்த இந்தியா 1993 நவம்பரில் தூதரக உறவைத் தொடங்கியது; சரியாக ஓராண்டு கழித்து, 1994 நவம்பரில், ஐஸ்வர்யா ராய் உலக அழகியாக முடிசூடியது இதே சன் சிட்டியில்தான். ஊரிலிருந்து வரும் உறவினர்களிடம் இதைச் சொன்னால் போதும், பிறகு அவர்களாகவே அந்த அரங்கம் எங்கே என்று கேட்பார்கள்.

கேள்வி: கேசினோவைத் தாண்டித்தான் மற்ற இடங்களுக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். சில நாடுகளில் விடுதி அறைக்குப் போகும் வழியே சூதாட்டக்கூடத்தின் நடுவில் ஓடுமாறு கட்டியிருப்பார்கள். இங்கே கேசினோவுக்குத் தனி நுழைவு, தனிக் காவல் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் சூதாட்டப் பகுதிக்குள் நுழையவே கூடாது என்பது நாட்டின் சட்டம் என்பதால், குழந்தைகளோடு போகிறவர்கள் தெரியாமல் உள்ளே போய்விடும் பேச்சுக்கே இடமில்லை. வளாகத்துக்குள் ஓடும் பேருந்துகள் விடுதிகளையும் நீர்ப் பூங்காவையும் இணைக்கின்றன. அவற்றையே பயன்படுத்தினால் ஸ்லாட் இயந்திரத்தின் மணியோசை காதில் விழாமலே இரண்டு நாள்களைக் கழித்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அறை பதியும்போதோ வரவேற்பு மேசையிலோ உறுப்பினர் அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அறை வாடகையில் தள்ளுபடியும் கிடைக்கும் என்பார்கள். தள்ளுபடி மெய்யாகவே கிடைக்கலாம். ஆனால் அந்த அட்டை அடிப்படையில் கேசினோ வாடிக்கையாளர் எவ்வளவு ஆடுகிறார் என்று கணக்கு வைப்பதற்காக உண்டானது. பிறகு தொலைபேசிக்கு வரும் சலுகைச் செய்திகளும் அந்தக் கணக்கிலிருந்தே வரும். சூதாடாதவருக்கு அது எதற்கு?

கேள்வி: ஒரே நாளில் போய்த் திரும்பலாமா, தங்க வேண்டுமா?

ஜோகன்னஸ்பர்கிலிருந்தோ பிரிட்டோரியாவிலிருந்தோ போகிறவர்கள் விடியற்காலையில் கிளம்பி, நாள் வருகைச் சீட்டு வாங்கி, மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் வளாகத்துக்குள் இருக்கும் நீர்ப் பூங்கா, பக்கத்தில் இருக்கும் பிலானஸ்பர்க் வனப் பூங்கா இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயல்கிறவர்கள் இரண்டையுமே அரைகுறையாகப் பார்த்துவிட்டுக் களைத்துத்தான் வருவார்கள். ஒரு நாள்தான் என்றால் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

தங்குவதாக இருந்தால், 1979இல் கேசினோவோடு சேர்த்துக் கட்டப்பட்ட முதல் விடுதியான சோஹோவைத் தவிர்த்துவிடலாம். ஊரின் இரைச்சலெல்லாம் அதைச் சுற்றித்தான். குடும்பத்துக்கு ஏற்றது ஏரிக்கரையை ஒட்டிய கபானாஸ். கொஞ்சம் அமைதியும் தோட்டமும் வேண்டுபவருக்குக் காஸ்கேட்ஸ் உண்டு. பேலஸ் என்ற விடுதி விலை உயர்ந்தது. அங்கே தங்காவிட்டாலும் இழப்பில்லை. வெக்கேஷன் கிளப் என்று சமையலறையோடு கூடிய வீடுகள் இருக்கின்றன. மூன்று தலைமுறையாகப் பத்துப் பேர் போகிற நம் வழக்கத்துக்கு அவைதான் சரி என்பது என் கருத்து. பாட்டிக்குக் காலையில் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும், இரவில் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். இவற்றையெல்லாம் விடுதி அறை தராது.

ஒரு செய்தியை மறைக்க வேண்டியதில்லை: சூதாடாமல் இருப்பதால் செலவு குறைந்துவிடாது. நுழைவு, சறுக்கு, கம்பியில் தொங்கிக்கொண்டு பாயும் ஜிப்லைன், சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் பணம் கேட்கும் இடம் இது. டிசம்பர் விடுமுறைக்கும் ஜூன் மாதச் சாதாரண வாரநாளுக்கும் அறை வாடகையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

கேள்வி: நீர்ப் பூங்கா பெரியவர்களுக்கும் ஏற்றதா?

வேலி ஆஃப் வேவ்ஸ் என்ற அந்த இடத்தின் நடுவே இருப்பது செயற்கை அலை எழும்பும் பெரிய குளம்; அதன் கரையில் மணல் கொட்டிக் கடற்கரை போலவே செய்திருக்கிறார்கள். கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்நாட்டில், கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இப்படி ஓர் அலைவாய்க்கரை என்பதே வேடிக்கை. அலை தொடங்குவதற்கு முன் சங்கு ஊதியதுபோல் ஓர் ஒலி எழும். உடனே கரையில் படுத்திருந்த பிள்ளைகளெல்லாம் எழுந்து தண்ணீருக்குள் ஓடுவார்கள். ஆழமில்லாத ஓரத்தில் இடுப்பளவு நீரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் உண்டு. மெதுவாக ஓடும் வாய்க்காலில் ரப்பர் வளையத்தில் மிதந்துகொண்டே போகலாம்; முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் அது ஒத்துவரும். உயரமான சறுக்குகளில் ஏறக் குழந்தைகளுக்கு உயர வரம்பு வைத்திருக்கிறார்கள், அதில் கெஞ்சிப் பயனில்லை.

உடை பற்றிப் பெண்கள் கேட்பதுண்டு. கை, கால் முழுவதும் மூடும் நைலான் அல்லது லைக்ரா நீச்சலுடை டர்பன் கடைகளிலும் ஜோகன்னஸ்பர்க் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கிறது; அதை அணிந்து இறங்குவதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. பருத்திச் சுரிதார் தண்ணீரில் கனத்து இழுக்கும், சறுக்குகளில் ஆபத்தும்கூட.

கேள்வி: 'தொலைந்த நகரம்' என்கிறார்களே, அது உண்மையில் ஒரு பழைய நகரமா?

இல்லை. 1992இல் திறந்த பேலஸ் விடுதிக்கும் அதைச் சுற்றிய காட்டுக்குமாக, வடக்கிலிருந்து வந்த ஓர் இனத்தார் இங்கே அரண்மனை கட்டி வாழ்ந்ததாகவும் நிலநடுக்கத்தில் அது அழிந்ததாகவும் விடுதிக்காரர்களே எழுதிவைத்துக்கொண்ட தலபுராணம் அது. கல் யானைகள் வரிசையாக நிற்கும் பாலம் ஒன்று, குறித்த நேரங்களில் புகை கக்கி உறுமி அதிரும். குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடி, மறுபடியும் வந்து நிற்பார்கள். பேலஸின் உள்முற்றத்தில் நிற்கும் யானைச் சிலைக்கு மட்டும் மெய்யான மூலம் உண்டு: குரூகர் தேசியப் பூங்காவில் வாழ்ந்து, மிக நீண்ட தந்தங்களுக்குப் பேர்போன ஷாவு என்ற ஆண் யானை. பேலஸுக்குள் அங்கே தங்காதவர்கள் நினைத்த நேரத்தில் போக முடியாது என்பதால், வழிகாட்டியோடு சுற்றிக்காட்டும் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொய்ப் புராணம் என்று முகம் சுளிக்கலாம். ஆனால் அந்தச் செயற்கைக் காட்டில் நட்ட மரங்கள் முப்பதாண்டுகளில் நிஜக் காடாகிவிட்டன. நண்பகல் வெயிலில் அதன் நடைபாதைகளில் நடப்பது இலவசமாகக் கிடைக்கும் நல்ல பொழுதுபோக்கு.

கேள்வி: பிலானஸ்பர்க் தேசியப் பூங்காவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

உங்களிடம் இருக்கும் நேரத்தில் பாதிக்குக் குறையாமல். சன் சிட்டிக்குப் போவதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த காரணம் அதன் வேலிக்கு வெளியே இருக்கும் இந்தப் பூங்காதான்.

சுமார் 130 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலையாக இருந்த இடம் இது. எரிமலை தேய்ந்து அடங்கிய பிறகு அதன் அடியில் உறைந்த பாறைகள் வளையம் வளையமாக வெளியே தெரிய, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டக் குன்றுகள் அமைந்துவிட்டன. நடுவில் மங்க்வே ஏரி. பரப்பு 550 சதுர கிலோமீட்டருக்கு மேல். 1979இல், சன் சிட்டி திறந்த அதே ஆண்டில், இங்கிருந்த பண்ணைகளை அகற்றி, 'ஆபரேஷன் ஜெனிசிஸ்' என்ற பெயரில் ஏறத்தாழ 6,000 விலங்குகளை வெளியிடங்களிலிருந்து ஏற்றிவந்து விட்டார்கள். இன்று சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தும் உண்டு. கிழக்கே குரூகரைப் போலன்றி இங்கே மலேரியா இல்லை என்பது, கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி.

சொந்தக் காரிலேயே போகலாம். சன் சிட்டிக்கு அருகில் இருப்பது பக்குபுங் வாயில். வாயில்கள் திறந்து மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும்; திறக்கும் நேரத்திலேயே வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் சிங்கம் தென்படும் வாய்ப்பு அதிகம். உள்ளே வேக வரம்பு மணிக்கு 40 கிலோமீட்டர், ஆனால் இருபதில் போனால்தான் எதையாவது பார்க்க முடியும். காரிலிருந்து இறங்க அனுமதியுள்ள இடங்கள் மிகச் சில. அவற்றில் மங்க்வே ஏரிக்கரையின் மறைவிடம் ஒன்றுக்காகவே ஒரு மணி நேரத்தைத் தனியாக எடுத்துவையுங்கள். வேலியிட்ட மரப்பாதையில் நடந்து போனால், தண்ணீர்மேல் கட்டிய ஓர் அறை. நீளவாக்கில் வெட்டிய திறப்பு வழியே பார்த்தால், ஏரியில் மூழ்கிப் பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். சற்றுத் தள்ளிப் பாறை போல் கிடப்பது மூச்சு விட்டதும் நீர்யானை என்று தெரியவரும். பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்த குழந்தைக்குப் பைனாகுலரைக் கொடுத்துவிட்டால் போதும்.

சொந்தமாக ஓட்டத் தயங்குபவர்கள், திறந்த வண்டியில் வழிகாட்டியோடு போகும் சஃபாரிக்கு விடுதியிலேயே பதிந்துகொள்ளலாம். குளிர்காலத்தில் அதிகாலை வண்டியில் போவதாக இருந்தால் கம்பளித் தொப்பியும் கையுறையும் கட்டாயம். ஆப்பிரிக்கா என்றாலே வெயில்தான் என்று எண்ணி வரும் சென்னை உறவினர்கள் ஜூலை மாதக் காலையில் நடுங்கிப்போவார்கள்.

கேள்வி: யானை எதிரே வந்தால் என்ன செய்வது?

நின்றுவிடுங்கள், ஒலிப்பான் அடிக்காதீர்கள், பின்னால் வரும் வண்டிக்கு இடம் விட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கன்னத்தில் மதநீர் வழிந்த கறுப்புக் கோடு தெரிந்தால் மிக விலகியே இருங்கள்.

பிலானஸ்பர்க்கின் யானைகளுக்கு ஒரு கதை உண்டு. ஆரம்பத்தில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டவை குரூகரில் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக யானைகளைக் கொன்றபோது அநாதையான குட்டிகள். மூத்த ஆண் யானை ஒன்றுகூட இல்லாமல் வளர்ந்த அந்தக் குட்டிகள் பருவத்துக்கு வந்தபோது, இயல்புக்கு முன்பே மதம் பிடித்து, அது மாதக் கணக்கில் அடங்காமல், 1992க்கும் 1997க்கும் இடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றுவிட்டன. 1998இல் குரூகரிலிருந்து ஆறு முதிர்ந்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரியவர்கள் வந்து நின்றதும் இளையவற்றின் மதம் தணிந்தது, கொலைகளும் நின்றன. இதை வழிகாட்டி சொல்லக் கேட்டுவிட்டு, பின்னிருக்கையில் இருக்கும் தாத்தாக்கள் ஆளுக்கொரு விளக்கம் கொடுக்கத் தொடங்குவார்கள். பயணத்தின் மிச்ச நேரம் அதிலேயே கழிந்துவிடும்.

கேள்வி: வேறு என்ன இருக்கிறது?

சுமார் இரண்டு கிலோமீட்டர் நீள ஜிப்லைன், ஏரியில் படகு விளையாட்டுகள், வழி தேடி வெளியேற வேண்டிய பெரிய புதிர்ப்பாதை ஒன்று, விடியலில் பூங்காவின் மேல் பறக்கும் வெப்பக்காற்று பலூன். கோல்ஃபில் ஆர்வம் இருந்தால் கேரி பிளேயர் மைதானம் இருக்கிறது. 1981இல் அங்கே தொடங்கிய போட்டியின் பரிசுத்தொகை அக்காலத்தில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. இன்னொரு மைதானத்தின் 13ஆம் குழியருகே உயிருள்ள முதலைகள் கிடக்கின்றன. அங்கே விழுந்த பந்தை யாரும் எடுக்கப் போவதில்லை.

கேள்வி: குழந்தைகளுக்கான விளையாட்டு இயந்திரக் கூடம் பாதுகாப்பானதுதானே?

சட்டப்படி அது சூதாட்டம் அல்ல. ஆனால் காசு அட்டையைத் தேய்த்து, விளக்கு மினுங்கும் இயந்திரத்தில் பொத்தானை அழுத்தி, சீட்டுகள் சேர்த்து, முடிவில் பொம்மை வாங்கும் அந்த ஏற்பாட்டைச் சற்று நின்று கவனித்தால் எனக்கு உறுத்தல் ஏற்படுகிறது. கேசினோவைத் தவிர்க்க இவ்வளவு பாடுபடும் பெற்றோர், பத்து வயதுப் பிள்ளையிடம் ஐந்நூறு ரேண்டைக் கொடுத்து அங்கே விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போவது எனக்குப் புரிவதில்லை. பந்து உருட்டும் விளையாட்டும் கார் ஓட்டும் விளையாட்டும் இருக்கின்றன. திறமைக்கு வேலை தருகிற அவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் உங்கள் மனத்தில் இருக்கும் சாப்பாடு கிடைக்காது. பீட்சா, பாஸ்தா, சாலட், உருளைக்கிழங்கு வறுவல் என்ற அளவில் எங்கும் உண்டு. விடுதிகளின் காலை உணவில் பழம், ரொட்டி, தானியம் என்று வயிறு நிறையும். புரட்டாசி விரதம், காவடி விரதம் இருப்பவர்கள் ஒரே எண்ணெய்ச் சட்டியில் பொரித்ததா என்று கேட்டுத் திருப்தி அடைவது கடினம். அப்படிப்பட்டவர்களுக்குச் சமையலறை உள்ள வீடே வழி.

மற்றபடி, கட்டுச்சோறுதான் நம் குடும்பங்களின் பழக்கம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்குக் கறியைச் சுருட்டிய ரொட்டி, பீன்ஸ் கறி, கூலர் பெட்டியில் தயிர். பிலானஸ்பர்க்கின் அனுமதிக்கப்பட்ட இடங்களில் உட்கார்ந்து இவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். நீர்ப் பூங்காவுக்குள் வெளியுணவு கொண்டுபோக முடியுமா என்பதை வாசலிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஊறுகாய்ப் புட்டியை மறக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: குரங்குத் தொல்லை என்கிறார்களே?

அது மெய். மலையிலிருந்து பபூன்கள் கூட்டமாக இறங்கி வந்து விடுதி மாடங்களில் ஏறும். மாடக் கதவைச் சாத்தினால் போதாது, தாழ்ப்பாள் போட வேண்டும். இழுத்துத் திறக்க அவற்றுக்குத் தெரியும். முறுக்குப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் குழந்தையிடமிருந்து வெர்வெட் குரங்கு பறித்துக்கொண்டு ஓடுவது அன்றாடக் காட்சி. ஊரில் கோயில் குரங்குக்குப் பழம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இதை முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும்: இங்கே கொடுக்கக் கூடாது. ஆண் பபூனின் கோரைப்பல் விளையாட்டல்ல.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

விலங்கு பார்க்க மே முதல் செப்டம்பர் வரை. புல் காய்ந்து, தண்ணீர் தேடி எல்லாம் வெளியே வரும். தண்ணீரில் விளையாட அக்டோபர் முதல் மார்ச் வரை. பிற்பகலில் இடி மழை வரலாம். நீர்ப் பூங்கா குளிர்காலத்தில் பராமரிப்புக்காக மூடப்படுவதுண்டு என்பதால் முன்பே கேளுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் ஏப்ரல், செப்டம்பர் மாதங்கள் நடுத்தரமானவை. ஆனால் ஏப்ரலில் புனித வெள்ளி வார இறுதி வந்தால் இசிப்பிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கம்பிலும் மாரியம்மன் திருவிழா. டர்பன் குடும்பங்கள் அந்த நாள்களில் வேறெங்கும் நகர மாட்டார்கள்.

கேள்வி: இவ்வளவு தூரம் வந்துவிட்டு, சும்மா ஒரு நூறு ரேண்ட் வைத்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

கணக்கைப் பாருங்கள். ஒற்றைச் சுழியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள். ஒவ்வொன்றிலும் பத்து ரேண்ட் வைத்தால் 370 ரேண்ட். எந்த எண் விழுந்தாலும் உங்களுக்குத் திரும்புவது, வைத்த பத்தும் அதற்கு 35 மடங்கும் சேர்த்து, 360. அதாவது எப்படி விழுந்தாலும் பத்து ரேண்ட் சக்கரத்துக்காரருக்கு. வைக்கும் பணத்தில் 2.7 விழுக்காடு. ஒரு முறைக்கு இது சிறிய தொகைதான். ஆனால் சக்கரம் ஒரு மணி நேரத்தில் பல முறை சுழல்கிறது, வென்ற பணமும் அதே மேசைக்குத்தான் திரும்பப் போகிறது. மேசையில் ஒருவர் வெல்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, நிறுவனம் வெல்வது கூட்டல் கழித்தலைப் பொறுத்தது. நூறு ரேண்டால் குடும்பம் கெட்டுவிடாது. ஆடுவதில்லை என்று முடிவெடுத்தவர் அந்த நூறுக்கும் விலக்கு வைத்துக்கொள்ளாமல் இருப்பதே எளிது என்பேன். அதே பணத்துக்கு மங்க்வே ஏரிக்கரைக்குப் போகும் வழியில் குளிர்ந்த, மது கலக்காத இஞ்சி பீர் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: உடன் வரும் உறவினர் ஒருவருக்குச் சூதாட்டப் பழக்கம் உண்டு. அழைத்துப் போகலாமா?

பழக்கம் கைமீறியது என்று தெரிந்தால் இந்த ஊருக்கு அழைத்துப் போகாதீர்கள். ஹார்ட்பீஸ்பூர்ட் அணைப் பக்கமோ டிராகன்ஸ்பர்க் மலைப் பக்கமோ போங்கள். கூட வந்தே தீருவார் என்றால், அவர் கையில் குடும்பத்தின் பொதுப் பணமும் கார்ச் சாவியும் இருக்கக் கூடாது. "மாமா, ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லி அவமானப்படுத்துவதைவிட, சஃபாரி வண்டிக்கு அவர் பெயரையும் சேர்த்து மாலை நேரத்தைப் பதிந்துவிடுவது பலன் தரும்.

2004ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டப்படி, ஒருவர் தன்னைக் கேசினோக்களில் அனுமதிக்க வேண்டாம் என்று தானே எழுதிக் கொடுத்து விலக்குப் பட்டியலில் சேரலாம். குடும்பத்தார் நீதிமன்றம் வழியாகவும் அதைக் கோரலாம். தேசியப் பொறுப்புச் சூதாட்டத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 0800 006 008. சூதாடுபவர் மட்டுமின்றி அவருடைய வீட்டாரும் அழைத்து ஆலோசனை பெறலாம். நம் குடும்பங்களில் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போன பிறகுதான் கோயில் குருக்களிடம் வந்து அழுகிறார்கள். முன்னரே அழைப்பது எவ்வளவோ மேல்.

கேள்வி: டர்பனில் இருப்பவர்கள் இதே மாதிரி அருகில் எங்கே போகலாம்?

சன்கோஸ்ட் கேசினோவின் முன்னே இருக்கும் கடற்கரைக்கும் திரையரங்குக்கும் உணவகங்களுக்கும் போகச் சூதாட்டக்கூடத்துக்குள் நுழையத் தேவையில்லை. அங்கிருந்து கடலோர நடைபாதையில் தெற்கே நடந்தால் உஷாக்கா மரைன் வேர்ல்டு, வடக்கே நடந்தால் உம்கேனி ஆறு கடலில் கலக்கும் புளூ லகூன். மாலை நடைக்கு இது போதும். ஆனால் யானைக்கு மாற்று இல்லை.

கேள்வி: சாலை எப்படி இருக்கும்?

ஜோகன்னஸ்பர்கிலிருந்தும் பிரிட்டோரியாவிலிருந்தும் என்4 சுங்கச் சாலையில் ரஸ்டன்பர்க் வரை நல்ல சாலை. அங்கிருந்து ஆர்565இல், 2010 உலகக்கோப்பைக் கால்பந்து ஆட்டங்கள் நடந்த ராயல் பஃபோகெங் மைதானம் இருக்கும் போகெங் வழியாகப் போக வேண்டும். பிரிட்ஸ் பக்கமிருந்து ஆர்556 வழியாகவும் போகலாம். டர்பனிலிருந்து காரில் வருகிறவர்கள் ஒரே நாளில் முழுத் தூரத்தையும் ஓட்டாமல், ஜோகன்னஸ்பர்கில் ஓர் இரவு தங்குவது நல்லது. மெல்ரோஸ் சிவ சுப்பிரமணியர் ஆலயத்தில் காலையில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் நண்பகலுக்குள் சேர்ந்துவிடலாம். கடைசி ஐம்பது கிலோமீட்டரை இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். மாடும் ஆடும் சாலையில் விளக்கில்லாமல் நிற்கும், குழிகளும் உண்டு. சுங்கச்சாவடிகளில் அட்டை வேலை செய்யாமல் போகலாம் என்பதால் கொஞ்சம் சில்லறை கையில் இருக்கட்டும், பெட்ரோலை ரஸ்டன்பர்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.